தாய்மாமனுக்கு ஒரு நாள் லீவு

காவியாவுக்கு மூன்று வயது முடிந்தும் காது குத்தவில்லை. வீட்டில் குறை ஒன்றும் இல்லை. தோடு செய்து இரண்டு வருடமாகப் பீரோவில் இருந்தது. காதும் இரண்டு பக்கமும் ஒழுங்காகவே இருந்தது. தாய்மாமன் மடிதான் கிடைக்கவில்லை.

அந்தத் தாய்மாமன் பெயர் நவநீதன். வயது முப்பத்தைந்து. இண்டூரில் வீடு. தருமபுரியில் நூற்றுப்பத்துப் படுக்கை உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒன்பது வருடமாக வேலை. நியமன உத்தரவில் அவன் பதவியை சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று அடித்துக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெயரை யாரும் வாயால் சொன்னதில்லை. நர்சுகளுக்கு அவன் கம்ப்யூட்டர் அண்ணா. டாக்டர்களுக்கு 'அந்த ஆள்'. கேன்டீன் செல்லம்மாளுக்கு 'சாமி'. அவள் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

ஆஸ்பத்திரியில் வயர் உள்ள எதுவும் அவன் பொறுப்பு. நூற்று முப்பது கம்ப்யூட்டர்கள், பிரிண்டர்கள், கேமராக்கள், டோக்கன் நம்பரைச் சொல்லும் பெண் குரல், விரல் வைத்து வருகைப்பதிவு செய்யும் பெட்டி. கல்யாண மாதங்களில் நர்சுகள் மருதாணிக் கையோடு வருவார்கள். பெட்டிக்கு அவர்களை அடையாளம் தெரியாது. அப்போது நவநீதன் ஓடிவந்து, இவர் இவர்தான் என்று பெட்டிக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். மூன்றாம் வார்டில் கம்ப்யூட்டர் செத்துப்போச்சு என்று போன் வரும். இரண்டு மாடி ஏறிப் போய்ப் பார்த்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு யாரோ செல்போனுக்குச் சார்ஜ் போட்டிருப்பார்கள். அவன் பிளக்கை மாட்டிவிட்டு இறங்குவான். அவன் கீழே வந்து சேர்வதற்குள் அந்த செல்போன் பழையபடி சார்ஜில் இருக்கும்.

மனிதர்களை அவன் முகத்தை வைத்து நினைவு வைத்திருக்கவில்லை. கீபோர்டில் டீ கொட்டியவர், பாஸ்வேர்டை மறப்பவர், பாஸ்வேர்டைச் சுவரில் எழுதியவர் என்றுதான் வைத்திருந்தான். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் ரசத்துக்கு முன்னால் ஒரு போன் வரும், ரசத்துக்குப் பின்னால் ஒரு போன் வரும். மோரை அவன் எப்போதும் நின்றுகொண்டே குடித்தான். மனைவி சசிகலா ஒருநாள், வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது என்று ஆஸ்பத்திரி ரிசப்ஷனுக்குப் போன் போட்டுப் புகார் பதிவு செய்தாள். ரிசப்ஷனில் இருந்த பெண் அவளுக்குப் புகார் எண்ணும் கொடுத்தாள். நவநீதன் நாற்பது நிமிடத்தில் வீட்டுக்கு வந்துவிட்டான். கல்யாணமான ஆறு வருடத்தில் அவன் அவ்வளவு சீக்கிரம் வந்தது அதுதான் முதல் தடவை.

அவன் வேலை ஒரே விதியில் ஓடியது. எது நின்றாலும் அதன் இடத்தில் இன்னொன்று தயாராக இருக்க வேண்டும். ஒரு சர்வருக்கு இன்னொரு சர்வர். ஒரு யு.பி.எஸ்ஸுக்கு இன்னொரு யு.பி.எஸ். அதுவும் போனால் ஜெனரேட்டர். எல்லா வயர்களும் வந்து கூடும் நெட்வொர்க் பெட்டிக்கு, பிரிக்காத புதுப்பெட்டி ஒன்று அலமாரியில் இருந்தது. அந்த ஆஸ்பத்திரியில் மாற்று இல்லாத பொருள் நவநீதன் ஒருவன்தான். தனக்கு ஓர் உதவியாள் வேண்டும் என்று ஏழு கடிதம் எழுதினான். ஏழும் பத்திரமாக ஃபைலில் இருந்தன. அவற்றை ஸ்கேன் செய்து சேமித்தவனும் அவன்தான்.

முதல் தடவை காது குத்த நாள் குறித்தபோது காவியாவுக்குப் பதினோரு மாதம். ஏரியூர்ப் பக்கம் அவர்கள் குலதெய்வக் கோயில். நவநீதன் மடியில் உட்காரவைத்து மொட்டை அடித்தார்கள். குளிப்பாட்டிச் சந்தனம் பூசிக் காதுக்குக் கொண்டுவருவதற்குள் போன் வந்தது. பரிசு விழுந்திருக்கிறது என்று வந்த மெயிலை மருந்துக்கடையில் யாரோ திறந்திருந்தார்கள். பில்லிங் கம்ப்யூட்டர்களில் எல்லாம் ஆங்கிலத்தில் மிரட்டல் கடிதம் நின்றது. நவநீதன் பைக்கை எடுத்தான். சரிகை வேட்டியோடு இரண்டு நாள் சர்வர் அறையில் இருந்தான். எட்டிப் பார்த்தவர்கள் யாருக்கோ கல்யாணம் என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.

இரண்டாவது தடவை போன வருடம். பெங்களூரிலிருந்து இரண்டு பேர் வந்து புது மென்பொருள் போட ஆரம்பித்தார்கள். பாதியில் பிரியாணி சாப்பிடப் போனார்கள். திரும்பி வரவில்லை. நவநீதன் தருமபுரியை விட்டே கிளம்ப முடியவில்லை. கோயிலில் முகூர்த்தம் தாண்டும்வரை காத்திருந்துவிட்டு, ஆடு அறுத்துச் சாப்பிட்டுவிட்டு, எல்லோரும் பஸ் ஏறினார்கள். காவியாவுக்கு இரண்டு முறை மொட்டை விழுந்திருந்தது. காது அப்படியே இருந்தது.

அவன் அக்கா சுகுணா அதற்காகச் சண்டை போட்டிருந்தால் நவநீதனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் சண்டை போடவில்லை. போன் செய்வதை நிறுத்திக்கொண்டாள்.

சுகுணாவை மாரண்டஹள்ளியில் தக்காளி வியாபாரம் செய்யும் ரஞ்சித்குமாருக்குக் கொடுத்திருந்தது. பத்து வருடம் குழந்தை இல்லை. ஏறாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை. பதினோராம் வருடம் பிறந்தவள் காவியா. அந்தக் குழந்தையை முதலில் வாங்கிப் பார்த்தவன் நவநீதன். அப்போதும் அவன் பிரசவ வார்டு பிரிண்டரைச் சரிசெய்யத்தான் மேலே போயிருந்தான். தம்பியும் பக்கத்தில் இருக்கிறான் என்று சுகுணா அன்றைக்கு அழுத அழுகையை அந்த வார்டு நர்சுகள் இன்னும் சொல்வார்கள்.

அப்பா இல்லாத வீட்டில் அவனை வளர்த்தவளும் அவள்தான். அவன் பாலிடெக்னிக் சேர்ந்த வருடம், தருமபுரியில் யாரோ கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்று கிடைத்தது. ஒரு கல் கனம் இருக்கும் அந்த மானிட்டரை, நிற்க இடமில்லாத டவுன் பஸ்ஸில், இண்டூர் வரைக்கும் சுகுணா மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். இறங்கும்போது அவளால் காலை ஊன்ற முடியவில்லை. அதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டாததுதான் நவநீதனை வாட்டியது.

இந்த வருடம் வைகாசியில் மூன்றாவது தடவையாக நாள் குறித்தார்கள். பத்திரிகை அடித்து இண்டூருக்குத் தபாலில் வந்தது. பெற்றோர் பெயர், கோயில், முகூர்த்தம் எல்லாம் அச்சில் இருந்தன. தாய்மாமன் என்ற இடத்துக்கு எதிரே புள்ளிக்கோடு மட்டும் போட்டிருந்தது.

நவநீதன் உடனே அக்காவுக்குப் போன் செய்தான். அவள் நிதானமாகப் பேசினாள்.

"உன்னக் கூப்புடறதுக்குப் பத்திரிக அனுப்பல நவநீ. தகவல் சொல்லியிருக்கறன். வைகாசி பதினெட்டு, திங்கக்கெழம. பத்தரைக்கு மேல பன்னெண்டுக்குள்ள. நீ வந்தா நீ ஒக்காரு. வரலைன்னா பூவரசன் ஒக்காருவான். அவனுக்கு வேட்டி எடுத்துக் குடுத்துட்டன்."

"அக்கா, திங்கக்கெழம ஓ.பி. கூட்டம் ஜாஸ்தி."

"சாமிக்கி உன் ஓ.பி. தெரியாதுடா."

பூவரசன் அவர்களின் சித்தப்பா மகன். மாரண்டஹள்ளியிலேயே செல்போன் கடை வைத்திருந்தான். பங்காளி மகன் என்பதால் அவனும் காவியாவுக்குத் தாய்மாமன் முறைதான். மடி கொடுக்க அவனுக்கும் உரிமை உண்டு. ஆனால் காது குத்தும்போது மடி மாறினால் எல்லாமே மாறிவிடும். நாளை காவியா பெரியவளாகும்போது ஓலைக்குடிசை கட்டுவதும், கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுப்பதும் அந்த மடிக்காரன்தான். கூடப்பிறந்தவன் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டியதுதான். அப்படி ஒரு தம்பியை ஊர் என்ன சொல்லும் என்பது நவநீதனுக்குத் தெரியும். அக்கா ஒன்றும் சொல்லமாட்டாள் என்பதும் தெரியும்.

மறுநாள் காலை லீவுக் கடிதத்தோடு மேனேஜர் மாது முன்னால் நின்றான். மாது அரசு வேலையில் ஓய்வு பெற்றபின் ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு வந்தவர். எந்தக் காகிதத்தையும் இரண்டு முறை படிப்பார். அதையும் இரண்டு முறை படித்தார்.

"போன வருசமும் காதுகுத்துன்னுதானேப்பா எழுதுன?"

"அதே காதுங்க சார்."

மாது மூன்றாவது முறையும் படித்தார். பிறகு, போன் எப்போதும் ஆனில் இருக்கும் என்று ஓரத்தில் அவனையே எழுதவைத்துக் கையெழுத்துப் போட்டார்.

இருபது நாள் இருந்தது. நவநீதன் அந்த இருபது நாளையும் ஒரே ஒரு நாளுக்காகச் செலவு செய்தான். எது நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று இருபத்து மூன்று கோளாறுகளை நான்கு பக்கத்தில் தமிழில் எழுதினான். நெட்வொர்க் பெட்டிக்கு வரும் ஒவ்வொரு வயரிலும் கலர் சீட்டு ஒட்டி நம்பர் போட்டான். மென்பொருள்காரர்களுக்கு, அந்த வாரம் எதையும் புதுப்பிக்க வேண்டாம் என்று மூன்று கடிதம் அனுப்பினான். சனிக்கிழமை சாயங்காலம் சர்வர் அறைத் தரையைத் துடைத்து, சுவரோரம் முழுக்க எறும்பு மருந்து தூவினான். முன்பு ஒருதடவை எறும்பு புகுந்து ஒரு யு.பி.எஸ். போயிருந்தது.

அவன் இல்லாதபோது பார்த்துக்கொள்ள அவனுக்குக் கிடைத்த ஒரே ஆள் அப்துல் சுபான். ஆஸ்பத்திரி எலக்ட்ரீஷியன், ஜெனரேட்டர் இயக்குபவர், ஐம்பத்திரண்டு வயது. எல்லோருக்கும் அவர் சுபான் பாய். கம்ப்யூட்டர் பக்கமே போகாதவர். எந்த வயரைக் காட்டினாலும், இதில் கரண்ட் எவ்வளவு வரும் என்று முதலில் கேட்பார். மூன்று நாள் சாயங்காலம் நவநீதன் அவருக்கு நான்கு பக்கத்தையும் படித்துக் காட்டினான். அவர் கைகட்டி நின்று எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, இதெல்லாம் நின்னுபோனா யாராச்சும் செத்துப்போவாங்களா?"

நவநீதன் யோசித்தான். ஒன்பது வருடத்தில் இதை யாரும் அவனிடம் கேட்டதில்லை. அவனும் கேட்டுக்கொண்டதில்லை.

"சாவ மாட்டாங்க பாய். ஐ.சி.யூ. மெஷினெல்லாம் தனி. இது நின்னா பில்லு வராது. ரிப்போர்ட்டு லேட்டாவும். எல்லாரும் கத்துவாங்க."

"கத்தட்டும். நீ போய் காதைக் குத்திட்டு வா."

இவ்வளவு செய்தவன் ஏ.சி.யை மட்டும் மறந்துவிட்டான் என்று சொல்ல முடியாது. அதையும் எழுதியிருந்தான். முதல் பக்கம், மூன்றாவது வரி: சர்வர் அறை ஏ.சி.யை எந்தக் காரணம் கொண்டும் அணைக்கக்கூடாது.

அந்த ஏ.சி.க்கு ஒரு சரித்திரம் இருந்தது. ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க ஏ.சி. ஓடும் இடங்கள் ஆபரேஷன் தியேட்டர், ஐ.சி.யூ., சர்வர் அறை. முதல் இரண்டில் யாரும் நினைத்தபடி நுழைய முடியாது. அதனால் மூன்றாவதில் நுழைந்தார்கள். சாயங்காலம் தலையில் வைக்க வேண்டிய மல்லிகைச்சரம், டூட்டி டாக்டரின் திராட்சை, லேப் பெண்களின் தயிர் டப்பா எல்லாம் அங்கேதான் இருக்கும். நவநீதன் சண்டை போட்டுப் பார்த்துவிட்டு, எதுவானாலும் மூலையில் தரையோடு வைக்கலாம், மெஷின் மேலே வைக்கக்கூடாது என்று ஓர் உடன்பாட்டுக்கு வந்திருந்தான். அந்த ஏ.சி. மெஷினுக்காக என்று மட்டும் அவனால் யாரையும் நம்பவைக்க முடியவில்லை. வெளியே நாற்பது டிகிரி வெயிலில் டோக்கன் வாங்க ஜனம் நிற்கும்போது, இவன் குளுகுளுவென்று உள்ளே இருக்கிறான் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். கொடுத்து வைத்தவன் என்றார்கள். முதல் இரண்டு வருடம் விளக்கினான். பிறகு விட்டுவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை கேன்டீன் ஃபிரிட்ஜ் நின்றுபோனது. திங்கட்கிழமை ராத்திரி டிபனுக்கு ஆட்டிய இட்லி மாவு இரண்டு பெரிய பாத்திரம் நிறைய இருந்தது. வைகாசியில் அதை வெளியே வைத்தால் புளித்துப் பொங்கிவிடும். செல்லம்மாள் இரண்டையும் சர்வர் அறைக்குத் தூக்கி வந்தாள். உடன்பாட்டை அவள் மீற நினைக்கவில்லை. மூலையில்தான் வைக்கப் போனாள். தரை முழுக்க எறும்பு மருந்து வெள்ளையாக இருந்தது. நோயாளிகள் சாப்பிடும் மாவு. விஷத்தின் மேல் வைக்க அவள் மனசு கேட்கவில்லை. சுற்றிப் பார்த்தாள். நெட்வொர்க் பெட்டி இருக்கும் இரும்பு ஸ்டாண்டின் மேல்தட்டு சுத்தமாக இருந்தது. உயரமும் கைக்கு வாகாக இருந்தது.

திங்கட்கிழமை காலை மாது வழக்கம்போல் சுற்றி வந்தார். சர்வர் அறைக் கதவு திறந்து கிடந்தது. கதவின் வெளிப்பக்கம் நவநீதன் ஒட்டியிருந்த நான்கு பக்கமும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. உள்ளே எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. லீவில் போனவன் அணைக்காமல் போயிருக்கிறானே என்று நினைத்தார். அணைத்துவிட்டு, கதவையும் பொறுப்பாகச் சாத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் அடுத்த வார்டுக்குப் போனார்.

அதே நேரத்தில் நவநீதன் பென்னாகரம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான். ஏழு சீர்த் தட்டுகளோடு சசிகலாவும் உறவுக்காரர்களும் மினி வேனில் பின்னால் வந்தார்கள். ஒவ்வொரு ஊர் தாண்டும்போதும் பைக்கை ஓரம் கட்டிப் போனை எடுத்துப் பார்த்தான். ஒரு அழைப்பும் இல்லை. ஒன்பது வருடத்தில் இப்படி ஒரு காலை விடிந்ததில்லை. போன் கெட்டுப்போய்விட்டதோ என்று சசிகலாவை ஒருதடவை அடிக்கச் சொன்னான். நன்றாகவே அடித்தது.

கோயில் வாசலில் சுகுணா நின்றிருந்தாள். வந்துவிட்டாயா என்று கேட்கவில்லை. கையை நீட்டினாள்.

"போனைக் குடு."

"அக்கா, ஆன்ல இருக்கோணும்னு எழுதிக் குடுத்திருக்கறன்."

"ஆன்ல இருக்கட்டும். ஏங்கிட்ட இருக்கட்டும்."

அவள் அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். சற்றுத் தள்ளிப் புது வேட்டியில் பூவரசன் நின்றிருந்தான். அவனிடம் கள்ளம் ஒன்றும் இல்லை. கூப்பிட்டார்கள், வந்திருந்தான்.

மொட்டை அடிக்க அரைமணி நேரம் ஆனது. காவியாவுக்கு இப்போது மூன்று வயது. முன்பு மாதிரி இல்லை. உதைத்தாள், கடித்தாள், நாவிதரிடம் போலீசில் சொல்லிவிடுவேன் என்றாள். குளித்து, சந்தனம் பூசி, பட்டுப்பாவாடை கட்டி வந்தபோது பதினொன்று ஆகிவிட்டது. நவநீதன் ஜமுக்காளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். குழந்தையை மடியில் வைத்தார்கள். இரண்டு கையாலும் அவள் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டான். அந்த மொட்டைத் தலை சூடாக, சந்தன ஈரத்தோடு, அவன் நெஞ்சில் பதிந்திருந்தது. ஆசாரி இரண்டு காதிலும் பொட்டு வைத்து அளவு பார்த்தார். பெண் குழந்தை என்பதால் முதலில் இடது காது. கம்பி ஏறியது. காவியா கத்திய கத்தலில் வேப்பமரத்துக் காக்கைகள் எழுந்தன.

அப்போது சுகுணாவின் இடுப்பில் போன் அடித்தது.

அவள் எடுத்துப் பார்த்தாள். மேனேஜர் மாது என்று இருந்தது. சுற்றி நின்ற நாற்பது பேரும் அவள் பக்கம் திரும்பினார்கள். மூன்று வருடமாக அந்தச் சத்தத்தை அவர்கள் எல்லோரும் அறிவார்கள். அணைத்துவிட அவளுக்கு ஒரு விரல் போதும். சுகுணா அணைக்கவில்லை. தம்பியைப் பட்டினி போடாத வேலை அது. அவளே முன்னால் வந்து குனிந்து, ஸ்பீக்கரில் போட்டுத் தம்பி முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"எல்லாம் நின்னுபோச்சுப்பா," என்றார் மாது. "ஒரு கம்ப்யூட்டரும் வேலை செய்யல. ஓ.பி.யில எரநூறு பேரு நிக்கறாங்க. ஒடனே கெளம்பு."

"என்னாச்சுங்க சார்?"

"உன் ரூம்ல மாவு."

"என்ன மாவுங்க?"

"இட்லி மாவு. பொங்கி வழிஞ்சு பொட்டிக்குள்ள எறங்கியிருக்குது."

நவநீதன் எழுதிய இருபத்து மூன்று கோளாறுகளில் மாவு இல்லை.

"ஏ.சி. ஓடுதுங்களா சார்?"

"நீதான் லீவாச்சே. ஆள் இல்லாத ரூமுக்கு எதுக்கு ஏ.சி.ன்னு நாந்தான் நிறுத்தி வெச்சேன்."

காவியா அழுதுகொண்டிருந்தாள். நவநீதனுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வருவதற்குக்கூட ஒரு ஓய்வு வேண்டும். இத்தனை வருடம் அந்தக் குளிர் தனக்காக என்று எல்லோரும் உண்மையாகவே நம்பியிருக்கிறார்கள் என்பது மட்டும் அவனுக்குத் தெளிவாக விளங்கியது.

பூவரசன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டான். வேட்டியைச் சரிசெய்துகொண்டு இரண்டு கையையும் நீட்டினான்.

"குடு நவநீ. ஆஸ்பத்திரி காரியம். இன்னொரு காதுக்கு நான் ஒக்காந்துக்கறன். நீ கெளம்பு."

அவன் நல்ல மனதோடுதான் சொன்னான். அதனால் அவனைத் திட்டவும் வழியில்லை. ரஞ்சித்குமார் தலையைக் குனிந்துகொண்டான். ஆசாரி கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்தார்.

"ஒரு காது இந்த மாமன், ஒரு காது அந்த மாமன்னா, அப்பறம் சீர் வரிசைக்கெல்லாம் எப்படிங்க? பேசி முடிவு பண்ணிக்கிட்டு சொல்லுங்க. எனக்குப் பென்னாகரத்துல இன்னும் நாலு காது இருக்குது."

விதிப்படி பார்த்தால் பதில் எளிது. இங்கே மாற்று தயாராக இருக்கிறது. அங்கே இல்லை. மாற்று இருக்கும் இடத்தை விட்டு, மாற்று இல்லாத இடத்துக்குப் போவதுதான் அவன் ஒன்பது வருடமாகச் செய்துவந்த வேலை. நவநீதன் அக்காவை நிமிர்ந்து பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போ என்று அவள் சொல்லிவிடுவாள் என்று அவனுக்குத் தோன்றியது. சொன்னால் அதோடு முடிந்தது.

"சார், பாய்கிட்ட குடுங்க," என்றான் அவசரமாக.

சுபான் பாய் பக்கத்திலேயே இருந்திருக்க வேண்டும்.

"தம்பி, லைனைக் கட் பண்ணிட்டன். ஏ.சி. போட்டாச்சு. செல்லம்மா மாவை வழிச்சு எடுத்துக்கிட்டு அழுதுக்கிட்டு நிக்குது. பெரிய மெஷின் மேல ஒரு சொட்டுகூட எறங்கல. அலமாரில இருக்குற புதுப் பொட்டிய மாட்டட்டுமா?"

"மாட்டுங்க பாய். வயரு மாறிடாம."

"அதான் கலர் கலரா சீட்டு ஒட்டியிருக்கியே. கொழந்த அழுவுற சத்தம் கேக்குது. எத்தன காது ஆச்சு?"

"ஒண்ணுங்க."

"அப்ப போனை வை."

ஆனால் போன் மறுபடி மாதுவின் கைக்குப் போனது. அவர் குரல் கடுமையாக இருந்தது. எலக்ட்ரீஷியனை நம்பி ஆஸ்பத்திரியை விடமுடியுமா என்றார். பெரிய டாக்டர் கேட்டால் என்ன பதில் சொல்வது என்றார். ஆன்ல இருப்பேன் என்று எழுதிக் கொடுத்ததை ஞாபகப்படுத்தினார். இப்போது கிளம்பினால் ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடலாம் என்று கணக்கும் சொன்னார்.

நவநீதன் குழந்தையின் தலையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"சார், இன்னொரு காது பாக்கி இருக்குதுங்க," என்றான்.

மாது எதையோ சொல்ல ஆரம்பித்தார். சுகுணா போனை அணைத்தாள்.

பூவரசன் நீட்டிய கைகளை மடக்கிக்கொண்டான். பிறகு, உதைக்கும் காவியாவின் கால்கள் இரண்டையும் பிடித்துக்கொண்டான். அதற்கும் ஓர் ஆள் தேவையாகத்தான் இருந்தது. ஆசாரி வலது காதில் கம்பியை ஏற்றினார். காவியா அலறினாள். சுகுணாவும் அலறினாள். மூன்று வருடமாகத் தேக்கி வைத்தது அத்தனையும் கோயில் வாசலில் கொட்டியது. என் தம்பி ஒக்காந்துட்டான், என் தம்பி ஒக்காந்துட்டான் என்று அவள் மாரில் அடித்துக்கொண்டு அழுததைப் பார்த்து, வழியில் போன இரண்டு பேர் என்ன துக்கம் என்று விசாரித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் டோக்கனைக் கையால் எழுதினார்கள். யாரும் சாகவில்லை. எல்லோரும் கத்தினார்கள். பன்னிரண்டரைக்குக் கம்ப்யூட்டர்கள் உயிர்பெற்றன. மாவு பட்டு இரண்டு வயர்களின் சீட்டு உரிந்திருந்ததால், சுபான் பாய் அவற்றை உத்தேசமாக மாட்டியிருந்தார். அதன் பலனாக லேப் ரிப்போர்ட்டுகள் கேன்டீன் பிரிண்டரில் வந்து விழுந்தன. செல்லம்மாள் அவற்றைப் பெயர் கேட்டுக் கேட்டு உரியவர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அன்றைக்கு இட்லி இல்லாததால் அவளுக்கு நேரம் இருந்தது. மாது அன்று மாலையே நவநீதனுக்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ தயாரித்தார். அதை அடித்து முடித்தபின் எப்படி அனுப்புவது என்று தெரியாமல், நவநீதன் வரட்டும் என்று வைத்திருந்தார்.

இதெல்லாம் கோயிலில் யாருக்கும் தெரியாது. அங்கே பந்தி நடந்துகொண்டிருந்தது. அழுது ஓய்ந்த காவியா, இரண்டு காதிலும் தோடு மின்ன, மாமன் மடியிலேயே தூங்கிப்போயிருந்தாள். தூக்கிப் படுக்க வைக்கலாம் என்று சசிகலா குனிந்தாள். குழந்தை சிணுங்கி, அவன் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. விட்டுவிட்டாள்.

அதற்குள் சுகுணா போனைத் திரும்ப ஆன் செய்திருந்தாள். வார்த்தை என்றால் வார்த்தை. அது ஆன் ஆனதும் அடித்தது. பரிமாறிக்கொண்டிருந்தவள் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு எடுத்தாள்.

"நான் அவங்க அக்கா பேசறங்க. இல்லீங்க, அவனால இப்ப எந்திரிக்க முடியாது. கொழந்த தூங்குது." எதிர்முனையில் ஏதோ கேட்டார்கள். "தெரியலீங்க. அதுவா எந்திரிச்சாத்தான்."

போனை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டு வாளியைத் தூக்கினாள். முதல் பந்தி எழுந்தது. இரண்டாம் பந்தி உட்கார்ந்தது. பூவரசன் ஒரு இலையில் சோறும் கறியும் கொண்டுவந்து நவநீதனுக்கு எட்டும்படி வைத்தான். நவநீதன் ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் அவசரமில்லாமல் பிசைந்து சாப்பிட்டான். ரசம் வந்தது. பிறகு மோர் வந்தது. உட்கார்ந்தபடியே குடித்தான். நிழல் ஜமுக்காளத்தைத் தாண்டிப் போய்விட்டது. யாரோ ஒரு துண்டை விரித்துக் குழந்தைக்கு வெயில் படாமல் பிடித்தார்கள். நவநீதனுக்கு இரண்டு காலும் மரத்துப்போய் வெகுநேரம் ஆகியிருந்தது. அவன் யாரிடமும் சொல்லவில்லை.